"எங்கட ஆக்கள் யாரும் இல்லையா சேர்?"



தரம் 9, 10 பிள்ளைகளோடு பதுளைக்குள்ளேயே ஒரு நாள் வரலாற்றுச் சுற்றுலா போன படங்களை சென்ற மாதம் போட்டிருந்தோம். கீழே பலர் விபரம் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். தவணைப் பரீட்சைத் தாள் திருத்தி முடித்து இன்றுதான் கை ஓய்ந்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

வழமையாக சுற்றுலா என்றால் கொழும்பு, இல்லாவிட்டால் நுவரெலியா. சுதந்திரச் சதுக்கம், நூதனசாலை, பூங்கா, திரும்பி வரும்போது பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி. இந்த முறை பஸ் காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் நாங்களே பின்வாங்கிவிட்டோம். அப்போதுதான் எங்களில் ஒரு டீச்சர் சொன்னார், "ஊருக்குள்ள இருக்கிறதையே நாங்க இன்னும் பிள்ளைகளுக்குக் காட்டல்லியே" என்று. உண்மைதான். தெருவோரம் தினமும் கடந்து போகிற கட்டடங்கள், நின்று பார்த்ததில்லை. நான்கு ஆசிரியர்கள், 41 பிள்ளைகள், அரை நாள் நடை, அரை நாள் பஸ். எங்களுடையது முஸ்லிம் பாடசாலை என்றாலும் வகுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள். இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

முதலில் புனித மாற்கு ஆலயம். 1857இல் திறக்கப்பட்ட அங்கிலிக்கன் தேவாலயம். அது கட்டப்பட்டது ஒரு மனிதருடைய ஞாபகமாக. பெயர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், இலங்கை ரைபிள் படைப்பிரிவின் மேஜர், பதுளையின் உதவி அரசாங்க அதிபர். ஊவாவில் தெருக்கள் திறந்தவர் என்று நல்ல பெயர் உண்டு. அதைவிடப் பெரிய பெயர் யானை சுட்டதில். 1,400க்கு மேல் என்று அந்தக் காலத்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார், வயது 41. அடக்கம் செய்தது நுவரெலியாவில். அந்த மண்ணறைக்கும் இடி விழுந்தது, யானைகளின் சாபம் என்று ஊர்க்கதை. பிள்ளைகளுக்கு வரலாற்றை விட இந்தக் கதைதான் பிடித்தது. கணக்கில் கெட்டிக்காரன் ஒருத்தன் உடனே, "ஒரு நாளைக்கு ஒண்டு சுட்டாலும் நாலு வருஷம் கிட்ட வருமே சேர்" என்றான். யானைக்கு ஞாபகக் கல் இல்லையா என்று இன்னொருத்தி கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

அடுத்தது, பதுளையில் இருப்பவர்களே பலர் பார்த்திராத ஒன்று. ஒரு போதி மரம். அதன் அடிமரத்துக்குள் ஒரு கல்லறைக் கல். மரம் வளர வளர கல்லைச் சுற்றி அணைத்து, ஓரங்களை விழுங்கிவிட்டது. நடுவில் கொஞ்சம் எழுத்து மட்டும் வெளியே தெரியும். அது சோபியா வில்சன் என்ற ஆங்கிலேயப் பெண்ணுடையது. ஊவாவின் உதவி வதிவிட அதிகாரியாக இருந்த சில்வெஸ்டர் வில்சனின் மனைவி. அவர் இறந்தது 1817 மே மாதம். அதே வருடம் ஒக்டோபரில் கணவர் பிபிலைப் பக்கம் அம்பு பாய்ந்து இறந்தார். அந்த அம்போடுதான் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி வெடித்தது.

நாங்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். "சேர், இதுல எங்கட ஆக்கள் யாரும் இல்லையா?"

யாராவது அப்படிக் கேட்பார்கள் என்று தெரியும். ஆனால் அவன் நிறுத்தவில்லை. "இருந்தாராமே சேர். டியூஷன்ல ஒரு பொடியன் சொன்னான், உங்கட ஆள்தான் வெள்ளைக்காரனுக்குக் காட்டிக்குடுத்தாராம். மெய்யா?"

எங்களில் மூத்தவர், "அத விடுங்க மகன், வெயில் ஏற முந்தி பஸ்ஸுக்குப் போவம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். கடந்த சில வருடங்களில் நாமெல்லோரும் பழகிக்கொண்ட பதில் அது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தவரும் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டினார். வகுப்பில் நாங்களும் பல வருடமாக அப்படித்தான் புரட்டியிருக்கிறோம். ஆனால் இந்தப் பையன் அந்த வார்த்தையை டியூஷன் வகுப்பிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டில் கேட்காமல், இங்கே கொண்டுவந்து கேட்டிருக்கிறான். எத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தானோ. அதனால் அங்கேயே மர நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்தோம். சொன்னதை இங்கேயும் எழுதுகிறோம்.

அந்த ஆளின் பெயர் ஹாஜி மரிக்கார். வெல்லஸ்ஸையைச் சேர்ந்தவர். இன்றைய மொனராகலை, பிபிலைப் பக்கம்.

அவரை விளங்க வேண்டுமென்றால் முதலில் மடிகேயை விளங்க வேண்டும். கண்டி இராச்சியத்தில் போக்குவரத்துக்கு என்று தனிப் பிரிவு இருந்தது, அதன் பெயர் மடிகே. மலைநாட்டில் தெருவே இல்லாத காலம். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏற வேண்டும், மலையிலிருந்து பாக்கும் நெல்லும் இறங்க வேண்டும். இதெல்லாம் பொதிமாட்டின் முதுகில் வரிசை வரிசையாகப் போகும். அதைத் தவளம் என்பார்கள். இந்த வேலையில் பெரும்பங்கு முஸ்லிம்களிடம் இருந்தது. 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி அரசன் செனரத் இடம் கொடுத்தான். மட்டக்களப்புப் பக்கம் மட்டும் சுமார் 4,000 பேரைக் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயரே எழுதியிருக்கிறார்கள். ஆக மடிகே வேலை என்பது அரசனுக்குச் செய்யும் இராஜகாரியம். அந்தந்தப் பகுதியின் திசாவைக்குக் கீழேதான் அதுவும் இருந்தது. வெல்லஸ்ஸைக்குத் திசாவை மில்லவ.

1815 மார்ச் 2இல் கண்டிப் பிரதானிகள் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டு நாட்டை பிரித்தானியருக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆளுநர் பிரவுன்ரிக்கின் நிர்வாகம் செய்த ஒரு காரியம், ஹாஜி மரிக்காரை வெல்லஸ்ஸையின் மடிகே முஹந்திரமாக நியமித்தது. திசாவையின் கையிலிருந்து முஸ்லிம்கள் நழுவி நேரே வெள்ளைக்காரனுக்குக் கீழே போனார்கள். திசாவைக்கு வருமானமும் போயிற்று, மரியாதையும் போயிற்று. கிளர்ச்சிக்கான காரணங்களை எழுதும் எந்த வரலாற்று நூலும் இதை விடாது. ஆகவே பிள்ளைகளிடமும் மறைக்கக் கூடாது. ஒரு பதவி வருகிறது, ஒரு வியாபாரத் தலைவர் ஏற்றுக்கொள்கிறார், பக்கத்து வீட்டாருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்தாரா இல்லையா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

1817இல் வெல்லஸ்ஸைக் காட்டில் ஒரு அரச வாரிசு தோன்றினார். தன்னை நாயக்க வம்சத்தவர் என்றும் பெயர் துரைசாமி என்றும் சொன்னார். "எங்க தாத்தா பேரும் தொரசாமிதான் சேர்!" என்று ஒரு தோட்டத்துப் பையன் எழும்பி நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் கேட்டது லேசான விசயமல்ல. 1739 தொடக்கம் 1815 வரை கண்டியை ஆண்ட நான்கு அரசர்களும் மதுரை நாயக்கர் வழி. சிங்கள மக்கள் வெள்ளைக்காரனுக்கு எதிராக எழும்பியபோது தங்களுக்கு அரசனாக வேண்டும் என்று தேடியது அந்த வம்சத்துப் பெயரைத்தான். உண்மையில் அந்த மனிதர் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. ஆனால் மக்கள் நம்புவதற்கு அவருக்குத் தேவைப்பட்ட பெயர் துரைசாமி. இன்றைக்கு மேடையில் 1818 பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டிவிடுகிறார்கள்.

அந்த மனிதரைப் பிடித்துவர வில்சன் அனுப்பியது ஹாஜி மரிக்காரைத்தான். போனவர் பிடிபட்டார், கொல்லப்பட்டார். பின்னாலேயே போன வில்சனும் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு நடந்ததைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

கிளர்ச்சியை அடக்க ஆளுநர் அனுப்பியவர் ஊவாவின் திசாவை மொனரவில கெப்பெட்டிபொல. போனவர் கிளர்ச்சியோடு சேர்ந்துகொண்டார். சேரும்போது பிரித்தானியர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். அவன் தந்த துவக்கால் அவனைச் சுட மாட்டேன் என்ற மாதிரி. சரியோ பிழையோ, எங்களுக்கு வகுப்பில் படிப்பிக்க மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு வருடம் நடந்த யுத்தத்தில் பிரித்தானியப் படை வீடுகளை எரித்தது, வயல்களை அழித்தது, பழமரங்களைத் தறித்தது, குளங்களை உடைத்தது. இலட்சம் வயல் என்று பெயர் பெற்ற வெல்லஸ்ஸை காடாகிப் போனது. 1818 நவம்பர் 26இல் கண்டி போகம்பறையில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. அதன் பிறகும் அவரை விடவில்லை. மண்டையோட்டின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்து மனிதனின் குணத்தைச் சொல்லலாம் என்று ஐரோப்பாவில் அப்போது ஒரு பைத்தியம் இருந்தது. ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ வைத்தியர் அந்த மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அது திரும்பி வந்து கண்டி தலதா மாளிகைக்கு முன்னால் வைக்கப்பட்டது 1954இல்.

இனி பையனின் கேள்வி. அவனிடம் நாங்கள் திருப்பிக் கேட்டோம். "1815 ஒப்பந்தத்தில் கைச்சாத்து வைத்தவர்களில் கெப்பெட்டிபொலவும் ஒருவர். தெரியுமா?" தெரியாது என்றான். மில்லவ திசாவையும் வைத்தார். வைத்த கையாலேயே மூன்று வருடத்துக்குள் கெப்பெட்டிபொல வாளையும் எடுத்தார். முதல் அதிகார் மொல்லிகொட கடைசி வரைக்கும் பிரித்தானியர் பக்கமே நின்றார். அவர் மட்டும் மறுபக்கம் போயிருந்தால் கொழும்பு, கண்டிப் பாதை மூடியிருக்கும், வெள்ளைக்காரன் மலையிலிருந்து இறங்கியிருப்பான் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மொல்லிகொடவை வைத்து எந்தப் பொடியனும் இன்னொரு பொடியனை டியூஷன் வகுப்பில் குத்திக் காட்டுவதில்லை. ஹாஜி மரிக்காருக்கு மட்டும் ஏன் ஒரு முழுச் சமூகம் கணக்குக் கொடுக்க வேண்டும்?

இன்னொரு விசயம். 1818 ஜனவரி 10இல் பிரித்தானிய வர்த்தமானி கெப்பெட்டிபொல உட்பட 19 பேரைத் துரோகிகள் என்று அறிவித்தது. அந்தக் கடுதாசி ஏறக்குறைய 199 வருடம் இரத்தாகாமல் கிடந்தது. 2016 டிசம்பரில்தான் ஜனாதிபதி கண்டியில் வைத்து அதை நீக்கி அவர்களைத் தேசிய வீரர்கள் என்று பிரகடனம் செய்தார். ஹாஜி மரிக்கார் 1817இல் அரசாங்கத்தின் விசுவாசி. கெப்பெட்டிபொல துரோகி. இன்றைக்கு அப்படியே மாறி. வரலாறு படிக்கிற பிள்ளைக்கு இந்த இரண்டு கடுதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும் என்று நினைக்கிறோம். ஹாஜி மரிக்காரை நல்லவராக்கும் தேவை எங்களுக்கு இல்லை. அவர் தெரிவு செய்த பக்கம் பிழை என்றே நாங்கள் பிள்ளைகளிடம் சொன்னோம். அவருக்காக வெட்கப்படும் தேவையும் அந்தப் பதினாலு வயதுப் பையனுக்கு இல்லை.

பையன் எதுவும் சொல்லவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டான். மூத்தவர் ஆசிரியர் மட்டும் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "நல்லாத்தான் சொல்றீங்க, தொண்ட காஞ்சிருக்கும்" என்றார்.

பஸ்ஸில் ஏறித் தெமோதரைக்குப் போகும் வழியில் பங்கரகம்மானக் கதையையும் சொன்னோம். இது பதுளை மாவட்டத்துக் கதை, மஹியங்கனைப் பக்கத்து முஸ்லிம் கிராமம். இரண்டாம் இராஜசிங்கனைப் போர்த்துக்கேயர் துரத்தி வந்தபோது அரசன் ஒரு மரப்பொந்துக்குள் ஒளிந்தான். ஒரு முஸ்லிம் பெண் அதைப் பார்த்துவிட்டாள். எவ்வளவு மிரட்டியும் வாய் திறக்கவில்லை. வெட்டிக் கொன்றார்கள். அவளுடைய இரத்தத்தைப் பார்த்து அரசன், என்னைக் காத்த இரத்தம் என்று பொருள்பட சிங்களத்தில் சொன்னானாம், அவளுடைய சந்ததிக்குக் காணியும் கொடுத்தானாம். அந்தச் சொல்லிலிருந்துதான் சிங்களத்தில் முஸ்லிம்களுக்கு 'மரக்கல' என்ற பெயர் வந்தது என்று மேடையில் நம்மவர்களே அடிக்கடி சொல்வார்கள்.

இங்கேயும் நாங்கள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சில நண்பர்கள் கோபித்தாலும். பெயர்க் காரணம் அதுவல்ல. மரக்கலம் என்பது கப்பலுக்குத் தமிழ்ச் சொல், மரக்கலத்தில் வந்தவர்கள் என்பதுதான் நேரான பொருள். பெண்ணின் கதை வாய்வழிக் கதை. வாய்வழிக் கதை என்பதால் பொய் என்றாகாது. இந்த மலைகளில் போர்த்துக்கேயரோடு சண்டை நடந்தது நிச்சயமானது. 1630 ஆகஸ்டில் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும்போது ரந்தெனிவலையில் அவருடைய சிங்கள லஸ்கோறின்களே மாறி நின்றார்கள், அவரும் படையும் அழிந்தது. அந்தச் சண்டையில் இளவரசனாக நின்றவன்தான் பின்னால் இரண்டாம் இராஜசிங்கன். அப்படியான காலத்தில் அப்படி ஒரு பெண் இருந்திருக்க நியாயம் இருக்கிறது. ஆனால் ஹாஜி மரிக்கார் கதை மெய், எங்களுக்கு வேண்டாம், பங்கரகம்மானக் கதை வேண்டும், ஆகவே அதுதான் மெய் என்று பிள்ளைக்குப் படிப்பித்தால், டியூஷன் பொடியன் செய்ததையே நாங்களும் செய்தவர்களாவோம்.

ஒரு டீச்சர் கேட்டார், "அந்தப் பொம்புளட பேரென்ன?" கதை சொல்கிற யாரும் பெயர் சொன்னதில்லை. அரசனின் பெயர் இருக்கிறது, மரத்தின் பொந்து இருக்கிறது.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, உங்கள் எல்லோருடைய போனிலும் அதன் படம் இருக்கிறது. 1921இல் முடிந்த பாலம். நீளம் சுமார் 300 அடி, உயரம் 80 அடி. யுத்தத்தால் இரும்பு வராமல் போனதாம், உள்ளூர்க்காரர் பி.கே. அப்புஹாமி கல்லாலும் சீமெந்தாலும் கட்டித் தருகிறேன் என்று பந்தயம் பிடித்தாராம் என்று ஐஸ்கிரீம் விற்பவர் வரைக்கும் கதை சொல்வார்கள். பொறியியலாளர் சங்கம் 1923இல் வெளியிட்ட கட்டுரை இதைக் கொங்கிறீட் பாலம் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. விமலசுரேந்திர, மார்வுட் என்று பொறியியலாளர் பெயர்களையும் சொல்வார்கள். ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 ஏப்ரல் 5இல்.

அங்கே ஒரு தோட்டத்துப் பிள்ளை கேட்டாள். காலையில் பையன் கேட்டதையே வேறு மாதிரி. "கல்லு தூக்குன ஆக்கள் பேரு எங்க சேர் இருக்கு? எங்க அம்மாச்சியோட தாத்தா இங்க வேல செஞ்சதா சொல்வாங்க."

பெயர் எங்கும் இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் தண்டவாளத்தில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனால் ஹப்புத்தளைக்கு மேலே, சேர் தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேத்தன்னைத் தோட்டத்தின் உச்சியில், அவர் தேநீரோடு உட்கார்ந்திருக்கும் சிலை உண்டு. கொழுந்து பறித்த பெண்ணுக்கு அந்த உச்சியில் சிலை இல்லை. அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

அதனால் பெயர் உள்ள ஒருவரைச் சொன்னோம். எஸ்.எம். சுப்பையா. 1947 பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர், இலங்கை இந்தியக் காங்கிரஸ். அந்தத் தேர்தலில் தோட்ட மக்கள் இப்படி ஏழு பேரை அனுப்பினார்கள். தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை பெயர்களைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறார்கள், தங்கள் சொந்தப் பதுளையின் சுப்பையாவைக் கேள்விப்பட்டதில்லை. மறுவருடம் 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்தில் பிறந்தவனின் தகப்பனுக்கு அத்தாட்சி எங்கிருந்து வரும்? பிரஜாவுரிமை போனது, பின்னாலேயே வாக்கும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு மிஞ்சவில்லை. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. மீதியெல்லாம் தீர 2003 வரைக்கும் போனது.

"அப்ப சுப்பையா என்ன ஆனாரு?" என்றாள். "தேடுங்க, அடுத்த கிழமை வகுப்பில் சொல்லுங்க" என்று அவளுக்கே வேலை கொடுத்துவிட்டோம். வாத்திமாரின் பழைய தந்திரம், உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவள் வந்தாள். சுப்பையாவைப் பற்றி அல்ல. அம்மாச்சியின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. அதில் இருந்த பெயரை வகுப்பில் சத்தமாக வாசித்தாள். எல்லோரும் கேட்டார்கள். காலையில் கேள்வி கேட்ட பையன்தான் முதலில் கேட்டான், "அந்தக் கடுதாசி இல்லாட்டி என்ன நடந்திருக்கும்?" என்று. அவள், "நான் இங்க இருந்திருக்க மாட்டேன்" என்றாள்.

அடுத்த தவணையில் மஹியங்கனைக்குப் போகத் தீர்மானித்திருக்கிறோம், பங்கரகம்மான வழியாக. அந்த ஊரில் முதியவர்கள் யாராவது பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் பேச முடியும் என்றால், அல்லது அந்தப் பக்கம் பழக்கமான நண்பர்கள் இருந்தால், உட்பெட்டியில் தெரிவியுங்கள். பஸ் காரர் இன்னும் தொகை சொல்லவில்லை.